அவகாசத்துக்கு முப்பத்தாறு மார்க்கு

கோர்ட்டுக்குப் போவதை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது. ஆனாலும் வாரத்துக்கு ஒரு நாள் திருவனந்தபுரம் வஞ்சியூர்க் கோர்ட்டு வளாகத்துக்குப் போய், வக்கீல் சங்கத்து மாடியில் உட்கார்ந்து ஒரு டீ குடிக்காவிட்டால் எனக்கு வாரம் முடிந்ததாகத் தோன்றாது. போன மாதம் அப்படிப் போயிருந்தபோது இரண்டு ஜூனியர் பெண்கள் வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பம்பாயிலிருந்து பெரிய சட்டக் கம்பெனி ஒன்று ஆள் எடுக்க வருகிறதாம். அவர்களில் ஒருத்திக்கு வரிச் சட்டத்தில் மார்க்கு படு மோசம். இண்டர்வியூவில் கேட்டால் என்ன சொல்வது என்று கவலை. "அப்போ டைபாய்டு வந்திருந்துதுன்னு சொல்லிடு" என்று யாரோ ஒரு மகானுபாவன் அவளுக்கு யோசனை சொல்லியிருக்கிறான்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டீ புரையேறிவிட்டது. அந்தக் காய்ச்சல் கஷாயத்தை அவள் பிறப்பதற்கு முன்பே குடித்துப் பார்த்தவள் நான். அன்றைக்கு அவர்களிடம் அரைகுறையாகச் சொன்னதை இப்போது ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

பாறசாலைக்குத் தெற்கே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் அப்பா வாத்தியார். வீட்டில் தமிழ், கோயிலில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தமிழ். சந்தையிலும் பஸ்ஸிலும் மலையாளம். மலையாளத்தை நான் காதால் படித்தேனே தவிரக் கண்ணால் அதிகம் படிக்கவில்லை. அப்பா இறந்த பிறகு அண்ணன் பொன்முடியில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கெழுதப் போனான். அவன் அனுப்பிய பணத்தில்தான் திருவனந்தபுரத்தில் பெண்கள் விடுதியில் தங்கி பி.ஏ.யும், பிறகு சட்டமும் படித்தேன். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அரிசிக்கு க்யூ, மண்ணெண்ணெய்க்கு க்யூ. வகுப்பில் பெண் என்று பார்த்தால் நான் ஒருத்திதான். இதற்கு மேல் படிப்புக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, கடைசிப் பரீட்சையைத் தவிர.

பத்திரங்கள் எழுதும் தாளில் கடைசிக் கேள்வி, மலையாளத்தில் உள்ள ஒரு விலையாதாரத்தை, அதாவது கிரயப் பத்திரத்தை, இங்கிலீஷில் மொழிபெயர்க்க வேண்டும். பாதி மார்க்கு அதற்குத்தான். நான் அந்தக் கேள்விக்கு வந்தபோது கால் மணி நேரம்தான் பாக்கி. கண் ஒன்று கடிகாரத்தில், கண் ஒன்று தாளில். 'ஈ வஸ்துவில் மற்றார்க்கும் யாதொரு அவகாசவும் இல்ல' என்று இருந்தது.

தமிழர்களுக்கு அவகாசம் என்றால் நேரம். மலையாளத்தில் அதே சொல்லுக்கு உரிமை என்று அர்த்தம். இந்தச் சொத்தில் வேறு யாருக்கும் எந்த உரிமையும் இல்லை என்பது அந்த வரி. அது எனக்குத் தெரியாதா? சந்தையில் மீன்காரி சண்டையில்கூட நூறு தடவை கேட்ட சொல். ஆனால் அந்தக் கால் மணி நேரத்தில் என் மூளை முழுக்க நேரம் நேரம் என்று அடித்துக்கொண்டிருந்தது. 'இந்தச் சொத்துக்காக வேறு எவருக்கும் நேரம் கிடையாது' என்று அழகான இங்கிலீஷில் எழுதினேன். ஒரு இடத்தில் அல்ல, அந்த ஆதாரத்தில் அந்தச் சொல் வந்த ஐந்து இடத்திலும். விற்பவர் தமக்கிருந்த நேரம் முழுவதையும் வாங்குபவருக்குக் கொடுத்துவிட்டார். பிள்ளைகளுக்கும் இனி நேரமில்லை. அப்படியே போயிற்று.

மற்ற எல்லாத் தாளிலும் அறுபதுக்கு மேல். இதில் முப்பத்தாறு. ஒன்றிரண்டு குறைந்திருந்தால் தோல்வி.

மார்க்கு போனதுகூடப் பரவாயில்லை, மானம் போயிற்று. தாளைத் திருத்தியவர் வஞ்சியூரில் பேர் பெற்ற ஒரு வக்கீல். நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு தமாஷ் கிடைத்தால் அவருக்கு வாயில் நிற்காது. பேர் சொல்லாமல்தான் சொன்னாராம். வகுப்பில் ஒரே ஒரு தமிழ்ப் பெண் இருந்தால் பேர் எதற்கு? ஒரு வாரத்தில் கோர்ட்டு வளாகம் முழுக்க எனக்கு 'நேரமில்லாத்த பெண்ணு' என்று பட்டம் விழுந்துவிட்டது.

பரீட்சை தேறினால் மட்டும் வக்கீல் ஆகிவிட முடியாது. ஒரு சீனியரிடம் ஒரு வருஷம் அப்ரண்டிஸாக இருக்க வேண்டும். சேரும்போதே அவர் கையெழுத்துப் போட்ட தாள் இருந்தால்தான் பிறகு சன்னது, அதாவது வக்கீல் தொழில் செய்யும் அனுமதி, கிடைக்கும். கையெழுத்துப் போட ஆள் இல்லையென்றால் பட்டத்தைப் பெட்டியில் வைத்து அந்துருண்டை போட வேண்டியதுதான்.

முதலில் புத்தன்சந்தைப் பக்கம் ஒரு வக்கீலிடம் போனேன். மார்க்கு லிஸ்டைப் பார்த்து, "இதென்ன, இது மட்டும் இப்படி?" என்றார். விடுதியில் தோழி ஒருத்தி சொல்லிக்கொடுத்திருந்தபடி, "அன்னைக்குக் கடுமையான காய்ச்சல், சார்" என்றேன். அவர் லிஸ்டை இன்னொரு தடவை பார்த்தார். "அன்னு உச்சைக்குத்தானே அடுத்த தாள்? அதில் அறுபத்திரண்டு இருக்கே. காய்ச்சல் ஊணு கழிக்கப் போயிருந்துதோ?" என்று கேட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டதாம் காய்ச்சல்! கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். என் புளுகு எட்டு நிமிஷம் நிற்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். படியிறங்கும்போது காது இரண்டும் கொதித்தது. உண்மையிலேயே காய்ச்சல் வந்துவிட்டதோ என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இரண்டாவது வக்கீல் என்னைக் கேள்வியே கேட்கவில்லை. பெயரைச் சொன்னதும், "ஓ! நேரமில்லாத்த பெண்ணு!" என்று வாய் நிறையச் சிரித்தார். உள்ளேயிருந்து மனைவியைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். காப்பி கொடுத்தார்கள். குடித்தேன். என்ன செய்வது? வாசலுக்கு வந்த பிறகு, வேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லையே என்று நினைவு வந்தது. விடுதி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது முடித்தபின் கோபம் வந்தது. அவர்கள் மேல் இல்லை, என் மேல்தான்.

அந்த வாரமே அண்ணன் கடிதம் வந்தது. எஸ்டேட் கூலிக்காரர்களின் லயத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்குகிறார்கள், உன்னை டீச்சராகப் போட மேனேஜர் சம்மதித்துவிட்டார், சனிக்கிழமைக்குள் பதில் எழுதிப் போட வேண்டும் என்று எழுதியிருந்தான். 'வித்துராவரைக்கும் பஸ்ஸில் வந்துவிடு, அங்கிருந்து நான் கூட்டிப் போகிறேன். இங்கே குளிர்தான், ஆனால் யாரும் உன்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்.' நான் ஒன்றும் சொல்லாமலே அவனுக்கு விஷயம் எட்டியிருந்தது. பாவம், அன்பால் எழுதியதுதான். எனக்கோ அந்தக் கடைசி வரியைப் படித்ததும் உடம்பெல்லாம் எரிந்தது.

மிச்சம் இருந்தது வலியசாலை சாமி ஒருவர்தான். சிவில் கேஸ்களில் பெரிய கை. வலியசாலை அக்ரகாரத்தில் வீடு, கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. ஆபீஸ் அறைக்கு வெளியே இருந்தே ஏறிப்போகத் தனிப் படி உண்டு. அவரிடம் யாரும் விரும்பிப் போவதில்லை. வருகிறவர்களின் மார்க்கு லிஸ்டை வாங்கி, மடித்து மடித்து, உள்ளதிலேயே மோசமான மார்க்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு சதுரமாக்கி, மேஜை மேல் நம்மைப் பார்க்க வைத்து, அதன் மேல் பித்தளைக் குண்டு ஒன்றை வைப்பார். பேச்சு முழுக்க அந்த ஒரு எண்ணைப் பற்றித்தான் நடக்கும். நல்ல மார்க்கு வாங்கியவன்கூட அழுதுகொண்டே இறங்கி வந்ததாகக் கதை.

புதன்கிழமை காலை போனேன். அப்படியேதான் செய்தார். முப்பத்தாறு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னவாக்கும் இது?"

"என் தப்பு, சார். அவகாசம்ங்கிற வார்த்தைக்கு நேரம்னு எழுதிட்டேன். அஞ்சு இடத்துல."

"கேட்டிருக்கேன், கேட்டிருக்கேன். ஊரே சிரிச்சுதே." அவர் சிரிக்கவில்லை. "ஜுரமோ?"

"இல்லை, சார். ஜுரம்னு ஒருத்தர்கிட்ட சொல்லிப் பார்த்தேன். பிடிபட்டுட்டேன்."

அவருடைய மீசையில்லாத மேலுதடு லேசாக அசைந்தது. "சரி. பின்னே எதனாலே?"

"எனக்கு மலையாளம் பேசத் தெரியும். அதனால படிக்கவும் தெரியும்னு நினைச்சேன். தெரிஞ்ச வார்த்தைதானேன்னு நின்னு பார்க்காம போயிட்டேன்."

"இப்போ?"

"இப்போ ரெண்டு பாஷையிலயும் இருக்கிற வார்த்தை எதைப் பார்த்தாலும் நின்னுடறேன். கடைப் பலகையைக்கூட ரெண்டு தடவை வாசிக்கறேன்."

"நன்னாயிருக்கு. கோர்ட்டிலே நின்னுண்டிருந்தா ஜட்ஜி காத்துண்டிருப்பானோ?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒரு கேஸ் கட்டை எடுத்து என் முன்னால் போட்டார். "எழுந்து நின்னு வாசி. உரக்க. நடுவிலே நிறுத்தப்படாது, கேட்டியோ. நிறுத்தினா ஆதியிலேருந்து."

அது அவருடைய இன்னொரு பழக்கம். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலைத் தூக்கி வைத்துக்கொள்வார். நாம் உளறினால் விரல் மடங்கும்.

கேஸ் சுருக்கம் இதுதான். பாறசாலைப் பக்கத்தில் செல்லம்மை என்று ஒரு விதவை. எழுதப் படிக்கத் தெரியாதவள். அவளுக்குத் தென்னந்தோப்பு ஒன்று, அதில் ஒரு வீடு. புருஷன் உயிரோடு இருந்தபோது அவனுடைய சித்தப்பா மகன் அந்த வீட்டில் வந்து தங்கினான். புருஷன் செத்த பிறகும் போகவில்லை. செல்லம்மை வழக்குப் போட்டாள். அவன் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினான், செத்தவன் கைப்பட எழுதியது. அது கோர்ட்டில் சாட்சியமாகிவிட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை முடிவு வாதம். எதிர்த்தரப்பு வக்கீல் யார் என்று கட்டின் மேலே பார்த்தேன். என் தாளைத் திருத்திய அதே மனிதர்.

கடிதத்தின் மலையாள நகலை வாசித்தேன். அதில் உள்ளது தமிழில் இப்படி வரும்: தம்பிக்கு. தோப்பு வீட்டுக் காரியத்தில் உனக்கு அவகாசம் தந்திருக்கிறேன். இதை உன் அண்ணியிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் தோப்பில் உள்ள பலாவில் உனக்கு அவகாசம் இல்லை. சக்கையில் கை வைக்காதே.

இரண்டாவது அவகாசத்தில் நின்றுவிட்டேன். வீட்டுக் காரியத்தில் நேரம் தரலாம், பலாவில் என்ன நேரம்? விரல் மடங்கியது.

"ஆதியிலேருந்து."

மறுபடி வாசித்தேன். அதே இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"என்ன பெண்ணே, விக்கலோ? ஆதியிலேருந்து!"

மூன்றாம் தடவையும் நின்றேன். அவர் கண்ணைத் திறந்தார். அந்தப் பார்வையில் நான் பாதி உருகிப்போனேன். ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"சார், எங்க ஊர்ப் பக்கம் கடிதம் தமிழ்லதான் எழுதுவாங்க. இதோட மூலம் எந்த பாஷை?"

"தமிழ். கோர்ட்டு டிரான்ஸ்லேட்டர் மலையாளத்திலே ஆக்கினதாக்கும் இது."

"மூலத்துல ரெண்டு இடத்துலயும் இதே வார்த்தைதானா?"

அவர் மேஜை மேல் இருந்த பித்தளைக் குண்டை எடுத்தார், வைத்தார். கடைசியில், "நான் பார்க்கல்லே" என்றார்.

அவர் தமிழர்தான். ஆனால் நாலு தலைமுறையாக இந்த ஊர். அவர் வீட்டில் மகளுக்குச் சொத்தில் அவகாசம் உண்டு என்பார்கள், ரயிலுக்கு இன்னும் அவகாசம் உண்டு என்றும் சொல்வார்கள். இரண்டும் அவர் காதில் ஒன்றாகவே விழுந்து பழகிவிட்டது. நல்ல மலையாளத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நகல் இருக்கும்போது மூலத்தைத் தேடிப் போவானேன் என்று இருந்துவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீலோ அந்த இரண்டு வரியை வைத்தே வாதத்தைக் கட்டியிருந்தார்: பலாவில் உரிமை இல்லை, வீட்டில் உரிமை உண்டு என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த மனிதர், உரிமை என்றால் என்னவென்று தெரிந்துதான் எழுதியிருக்கிறார் என்று.

"நீ போய்ப் பாரு" என்றார் சாமி. "கேஸ் முடியட்டும். பின்னே கையெழுத்தைப் பத்தி யோசிப்போம். இப்போ ஒண்ணும் வாக்குத் தரல்லே, கேட்டியோ."

கோர்ட்டு ரிக்கார்டு அறையில் சாட்சியத்தைப் பார்ப்பது சாமானியக் காரியம் அல்ல. முதலில் ஸ்டாம்பு ஒட்டிய மனு. அதில் எந்த எண்ணுள்ள கடிதம், யார் பார்க்கப் போகிறார், எதற்காக என்று எழுத வேண்டும். சீனியரின் கைப்பட ஒரு சீட்டு வேண்டும். உள்ளே பேனா கொண்டுபோகக் கூடாது, பென்சில் மட்டும். மையைக் கொட்டிவிடுவோமாம், அல்லது ஒரு எழுத்தைச் சேர்த்துவிடுவோமாம். ரிக்கார்டு கீப்பர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து நம் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். வெள்ளிக்கிழமை உச்சிக்கு மேல்தான் என் முறை வந்தது. கட்டைப் பிரித்து, நாலாக மடித்த ஒரு பழுப்புத் தாளை என் முன்னால் விரித்தார். சதுரமான தெற்கத்தித் தமிழ்க் கையெழுத்து. எங்கள் ஊர்க்காரர்கள் எழுதுவது.

'தோப்பு வீட்டுக் காரியத்தில் உனக்கு அவகாசம் தந்திருக்கிறேன்.'

கண் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கியது.

'தோப்பில் உள்ள பலாவில் உனக்குப் பாத்தியதை இல்லை.'

பாத்தியதை! ஐயோ என் கர்த்தாவே, பாத்தியதை! உரிமை என்று சொல்ல அந்த மனுஷனிடம் வேறு சொல் இருந்திருக்கிறது. அதைத் தேவைப்பட்ட இடத்தில் சரியாகப் போட்டிருக்கிறான். வீட்டை விட்டுப் போகத் தம்பிக்கு நேரம் கொடுத்தான், பலாவைத் தொடாதே என்றான். டிரான்ஸ்லேட்டர் முதல் சொல்லை அப்படியே விட்டுவிட்டார். இரண்டாவதை மலையாளமாக்கினார். இரண்டும் ஒன்றாகிவிட்டன. நான் பென்சிலால் எழுதிக்கொண்டேன். அழுத்திய அழுத்தில் பென்சில் முனை முறிந்தது. ரிக்கார்டு கீப்பர் தம் பென்சிலைக் கொடுத்து, "எந்தா மோளே, வல்ல அசுகமும் உண்டோ?" என்று உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார். "இல்லை, எனக்கு நல்ல சுகம்" என்றேன்.

சாமி நான் எழுதிவந்ததை வாசித்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "செவ்வாய்க்கிழமை வா" என்றார், அவ்வளவுதான். கையெழுத்துப் பேச்சே இல்லை. மறுநாள் சனிக்கிழமை. அண்ணனுக்கு என்ன எழுதுவது? கையில் ஒன்றும் இல்லை, இரண்டு தமிழ்ச் சொல்லைத் தவிர. செவ்வாயன்று ஜட்ஜி ஒத்துக்கொள்ளாவிட்டால் சாமி என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டார், பள்ளிக்கூட வேலையும் போயிருக்கும். காலையிலிருந்து தபாலாபீஸைச் சுற்றி மூன்று தடவை நடந்தேன். பிறகு 'நான் வரவில்லை அண்ணா, கோபித்துக்கொள்ளாதே' என்று எழுதிப் பெட்டியில் போட்டேன். போட்ட கையோடு கடிதத்தைத் திரும்ப எடுக்க முடியுமா என்று பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை கோர்ட்டு நிறைந்திருந்தது. செல்லம்மை பின் பெஞ்சியில் கழுத்து வரை முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சாமிக்குப் பின்னால். எனக்குப் பேச உரிமை இல்லை.

சாமி எழுந்து, மூலத்தை மொழிபெயர்ப்போடு ஒப்பிட வேண்டும் என்று கேட்டார். எதற்கு என்றார் ஜட்ஜி. அவகாசம் என்ற சொல் தமிழில் நேரத்தைக் குறிக்கும் என்றார் சாமி. எதிர்த்தரப்பு வக்கீலின் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்ததுமே என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் எழுந்தார். "இந்த அர்த்தத்தை நான் முன்பே கேள்விப்பட்டிருக்கிறேன், என் நண்பருக்குப் பின்னால் இருக்கிறவர்தான் ஒரு பரீட்சையில் இதைக் கண்டுபிடித்தார், அந்தக் கண்டுபிடிப்புக்கு நானே முப்பத்தாறு மார்க்கு கொடுத்தேன்" என்றார்.

கோர்ட்டு சிரித்தது. பெஞ்சு கிளார்க் சிரித்தார். வாசலில் நின்ற சிப்பாய்கூடச் சிரித்தான். நகம் உள்ளங்கையில் குத்தும்வரை விரலை மடக்கி வைத்துக்கொண்டு சாமியின் கறுப்புக் கோட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொன்முடிக் குளிர் எவ்வளவோ மேல் என்று தோன்றிவிட்டது.

சாமி சிரிப்பு ஓயும்வரை நின்றார். அப்புறம் நிதானமாகச் சொன்னார்: "அந்த மார்க்கு நியாயமான மார்க்கு. அந்தப் பரீட்சையில் மூலம் மலையாளம். மலையாளச் சொல்லைத் தமிழாகப் படித்தது தப்பு. இங்கே மூலம் தமிழ். தமிழ்ச் சொல்லை மலையாளமாகப் படிக்கிறவருக்கு என் நண்பர் எத்தனை மார்க்கு போடுவார்?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஜட்ஜி மட்டும் வாயை மூடிக்கொண்டு கொஞ்சம் சிரித்தார். டிரான்ஸ்லேட்டரைக் கூப்பிட்டார்கள். வயசான மனுஷர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூலத்தை வாங்கினார். எதிர்த்தரப்பு வக்கீல் விடவில்லை. தெற்கே உள்ள தமிழர்கள் உரிமைக்கும் அவகாசம் என்றே சொல்வதுண்டு என்றார். அது பொய்யும் அல்ல.

சாமி கடிதத்தின் இரண்டு வரியையும் சுட்டிக்காட்டினார். இரண்டு இடத்திலும் ஒரே சொல்தானா என்று ஜட்ஜி டிரான்ஸ்லேட்டரிடம் கேட்டார்: "இதில் ரண்டு ஸ்தலத்தும் ஒரே வாக்கு தன்னெயோ?"

கிழவர் கண்ணாடியை மேலே தள்ளி, தாளை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். உதடு அசைய வாசித்தார். மேலே போனார், கீழே வந்தார்.

"அல்ல, யுவர் ஹானர். ரண்டும் வேறெ வேறெ வாக்காணு. ஞான் ரண்டினும் ஒந்நு தன்னெ எழுதிப்போயி."

இரண்டும் வெவ்வேறு சொல், நான்தான் இரண்டுக்கும் ஒன்றையே எழுதிவிட்டேன் என்று அத்தனை பேர் முன்னால் ஒத்துக்கொண்டார். எவ்வளவு பெரிய மனசு வேண்டும் அதற்கு! அந்தக் கிழவரின் காலில் விழலாம் போலிருந்தது. நான் செய்த மாதிரித் தவறுதானே அது. ஜட்ஜி பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். எதிர்த்தரப்பு வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

பத்தாம் நாள் தீர்ப்பு. வீடும் தோப்பும் செல்லம்மைக்கு. அன்றைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் வராந்தாவில் என்னைக் கண்டு நின்றார். "மோளே, அந்நு ஞான் அது ஆரோடும் பறயாதிருக்கணமாயிருந்நு" என்றார். யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னது எனக்குப் போதும். பிறகு அவர் கோர்ட்டில் எத்தனையோ தடவை என்னோடு மோதினார், ஒரு தடவைகூடப் பழைய கதையை எடுக்கவில்லை.

சாமி அன்று மத்தியானமே ஆபீஸில் தாளை எடுத்தார். பேனாவை மையில் முக்கினார். கையெழுத்துப் போடாமல் என்னைப் பார்த்து, "இன்னும் ஒரு வருஷம் என்கிட்டே நீ வாசிச்சுக் கஷ்டப்படணும், தெரியுமோ? நிறுத்தினா ஆதியிலேருந்துதான்" என்றார். "நிறுத்த வேண்டிய இடத்துல நிறுத்துவேன், சார்" என்றேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ! "அகம்பாவம்!" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மை உலர்வதற்குள் படியில் காலடி கேட்டது. செல்லம்மை. வாழைக்குலை ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். பிறகு மடியிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அது வேறு வழக்கு. கிணற்றுக்குப் போகிற வழியைப் பக்கத்துத் தோப்புக்காரன் வேலி போட்டு அடைத்திருக்கிறான். சாமி கையை நீட்டினார். அவள் அவரைத் தாண்டி வந்து தாளை என்னிடம் நீட்டினாள்.

"சாமி தப்பா நெனைக்கப்பிடாது. இது எனக்க வக்கீலம்மைக்கு."

"அவ இன்னும் வக்கீல் ஆகல்லே, செல்லம்மை" என்றார் சாமி. "ஒரு வருஷம் கழியணும். அதுக்குள்ளே வேலி வேர் விட்டுடும்."

"விடட்டும். பெறவு அறுத்தாப் போச்சு. நான் ஒரு வருசம் சுத்திப் போய் வெள்ளம் கோரிக்கிடுவேன். கடுதாசியை வாசிச்சுக் கண்டுபிடிச்சது இவதானே? எனக்கு இந்தப் பிள்ளை மதி, வேற ஆரும் வேண்டாம்."

சாமி என்னைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் வாய்விட்டுச் சிரிப்பதைக் கேட்டேன். "போச்சு போ, என் கட்சிக்காரியை இப்பவே பிடிச்சுண்டுட்டா!" என்று குமாஸ்தாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

நான் அவளிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சாமி வழக்குப் போட்டால் அடுத்த மாதமே வழி திறந்துவிடும் என்றேன். அவள் கேட்கவில்லை. ஒரு வருஷம், மழையிலும் வெயிலிலும், தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குடத்தை வைத்துக்கொண்டு நாலு தோப்பு சுற்றித் தண்ணீர் எடுத்தாள்.

எனக்குச் சன்னது வந்த மறுநாள் காலை ஆபீஸுக்குப் போனபோது அவள் படியில் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். குமாஸ்தா அச்சடித்த வக்காலத்துத் தாளைக் கொண்டுவந்தார். வக்கீலின் பெயர் என்ற இடத்தில் முதல் தடவையாக என் பெயரை எழுதினேன். கிருபாவதி என்று முழுசாக, ஒவ்வொரு எழுத்தாக. அதன் கீழே செல்லம்மை மையைத் தொட்டு இடது பெருவிரலை அழுத்தி, எடுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"நல்லா பதிஞ்சிருக்கா பாரு, மக்களே" என்றாள், பெற்ற மகளிடம் கேட்பது போல.

பார்த்தேன். நன்றாகப் பதிந்திருந்தது.